வெயில் அடித்தால்தான் ஆபத்து: கோடை லீவில் பனிமலை போகிறீர்களா?

ஏப்ரல் வந்துவிட்டால் புதுச்சேரியில் பகலில் வெளியே தலைகாட்ட முடிவதில்லை. கடற்கரைச் சாலையில்கூடச் சாயங்காலம்தான் கூட்டம். சரியாக அந்த நேரம் பார்த்து ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒருவர் முழங்கால் பனியில் நிற்கிற ரீல்ஸைத் தட்டிவிடுவார். மணாலியா, சிக்கிமா, உத்தராகண்டா என்று ஓட்டெடுப்பு நடக்கும். ஒரே வாரத்தில் டிக்கெட் போட்டாச்சு. ஷூ, ஜாக்கெட், தெர்மல் எல்லாம் லிஸ்டில் இருக்கும். அங்கே இந்த வாரம் பனி எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்வி மட்டும் இருக்காது.

குளிர்காலம் முடிந்துவிட்டது, வானம் பளிச்சென்று இருக்கிறது, அப்புறம் என்ன பயம்? இப்படி நினைப்பதில் தப்பில்லை. கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்குக் கருமேகம் திரண்டால் ஆபத்து, வெயில் வந்தால் ஆபத்து விலகியது. ஆனால் உயரமான மலைகளில் வசந்த காலத்துப் பனி இந்தக் கணக்குக்குள் அடங்காது.

டிசம்பர் முதல் மார்ச் வரை, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் இமயமலையில் பனியைக் கொட்டுகின்றன. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. சில அடுக்குகள் ஒன்றோடொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும், சில பிடிக்காது. மார்ச், ஏப்ரலில் சூரியன் உச்சிக்கு ஏற ஏற மேலடுக்கு உருகி, அந்தத் தண்ணீர் உள்ளே கசிகிறது. கீழே இறுகிய அடுக்கையோ பாறையையோ தொட்டதும் அந்த இடம் வழுக்குத் தளமாகிவிடும். மேலே இருக்கிற ஈரப் பனி முழுவதும், தன் கனத்திலேயே சரிந்து இறங்கும். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள சரிவுகளில்தான் நடக்கின்றன. போட்டோவில் பார்த்தால், 'ஏறிடலாமே' என்று தோன்றுகிற சரிவுகள் அவை.

இரவில் வானம் தெளிவாக இருந்தால் சூடு மேலே போய்விடும், உருகிய பனி மறுபடி உறைந்து கெட்டிப்படும். விடியற்காலையில் அதன்மேல் தரைபோல நடக்கலாம். பத்து, பதினோரு மணிக்கு இளகத் தொடங்கும். மதியம் கால் வைத்தால் தொடை வரை புதையும். ஓடைகளின் மேல் பாலம் போலப் படிந்திருக்கும் பனியும் அப்போதுதான் உடைகிறது. இரவு முழுக்க மேகமூட்டம் இருந்தால் கதை வேறு. மேகம் போர்வை போலச் சூட்டைப் பிடித்துவைத்துவிடும், பனி உறையாது, காலையிலேயே ஆபத்து தயார். ஆகவே, "இன்னிக்கு வெயில் அடிக்குமா?" என்பதைவிட, "நேத்து ராத்திரி பனி உறைஞ்சுதா?" என்று விசாரிப்பதுதான் முக்கியம்.

(நமக்கு மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்பதும் பனிதான், இமயத்தில் ஆளை மூடுவதும் பனிதான். ஒரே சொல். ஈரப் பனி, காய்ந்த பனி, காற்று திரட்டிய பனி என்று பிரித்துப் பேச நமக்குத் தேவையே இருந்ததில்லை. இனி இருக்கிறது.)

2023 ஏப்ரல் 4. சிக்கிமில் கேங்டாக்கையும் நாதுலாவையும் இணைக்கும் சாலையில், நண்பகலையொட்டிப் பனிச்சரிவு. சுற்றுலா வந்த 7 பேர் இறந்தார்கள். 13-வது மைல் வரைதான் அனுமதிச் சீட்டு இருந்தது என்றும், அதைத் தாண்டிப் போயிருந்தார்கள் என்றும் அப்போது செய்தி வந்தது. இவர்கள் மலையேற்ற வீரர்கள் இல்லை. காரில் வந்து இறங்கிப் பனியில் விளையாடியவர்கள்.

2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சஹஸ்த்ர தால் பாதையில் நடந்தது பனிச்சரிவே இல்லை. திரும்பும் வழியில் திடீர்ப் பனிப்புயலில் சிக்கியது 22 பேர் கொண்ட குழு. பெரும்பாலும் பெங்களூருவிலிருந்து போனவர்கள். 9 பேர் இறந்தார்கள். 4,000 மீட்டருக்கு மேலே ஜூன் மாதமும் கோடை இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத் அருகே மாணா கிராமப் பகுதியில், எல்லைச் சாலை அமைப்பின் பணியாளர்கள் 54 பேர் பனிச்சரிவில் சிக்கினார்கள். 46 பேர் மீட்கப்பட்டனர், 8 பேர் பிழைக்கவில்லை. தங்கியிருந்த இரும்பு கன்டெய்னர்கள்தான் பலரைக் காப்பாற்றின. முந்தைய நாள் மாலையே சமோலி உள்ளிட்ட மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேலான பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியாகியிருந்தது.

அதாவது, எச்சரிக்கை இல்லாமல் இல்லை. டிஆர்டிஓவின் கீழ் சண்டீகரில் இயங்கும் டிஜிஆர்இ என்ற ஆய்வு நிறுவனம் மாவட்டவாரியாக, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் குறித்துப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. அது நம்மிடம் வந்து சேர்வதில்லை, அவ்வளவுதான். புயல் காலத்தில் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பது வம்பாக்கீரப்பாளையத்தில் வலை உலர்த்துகிறவர் முதல் ஆட்டோ ஓட்டுகிறவர் வரை தெரியும். அந்த எண்ணைக் கேட்டபிறகு யாரும் படகை இறக்குவதில்லை. பனிமலைக்குப் போகும்போது மட்டும் அந்தப் பழக்கத்தை ஏன் ஊரிலேயே விட்டுவிட்டுப் போகிறோம்?

பிரான்சில் சொந்தக்காரர்கள் உள்ள குடும்பங்கள் இங்கே ஏராளம். ஆல்ப்ஸில் பனிச்சறுக்கு விளையாடப் போகிறவர்கள் 1 முதல் 5 வரையிலான பனிச்சரிவு அபாய எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அங்கே அதிகம் பேர் இறப்பது 5-ல் இல்லை, 3-ல். ஐந்து என்றால் யாரும் போவதில்லை. மூன்று என்றால், 'பாத்துக்கலாம்' என்று போகிறார்கள்.

அந்த 'பாத்துக்கலாம்' நம்மிடமும் இருக்கிறது, அதற்குப் பின்னால் பணமும் இருக்கிறது. ஃபிளைட், ஹோட்டல், பேக்கேஜ் எல்லாம் கட்டியாகிவிட்டது. லீவு திரும்பக் கிடைக்காது. ரத்து செய்தால் ஒரு பைசாகூட வராது. இந்த நிலையில் எந்த எச்சரிக்கையும் காதில் விழாது. எனவே பயணியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்தால் பணத்தைத் திருப்பித் தருவோம் அல்லது தேதியை மாற்றித் தருவோம் என்று எழுதிக் கொடுக்காத நிறுவனம் பனிமலைப் பயணத்தை விற்கவே கூடாது என்பது நம் நிலைப்பாடு. இமயமலை மாநிலங்களின் சுற்றுலாத் துறைகள் இதை அனுமதிச் சீட்டின் நிபந்தனையாகவே வைக்கலாம். அன்றைய எச்சரிக்கையைத் தமிழ் உட்பட முக்கிய மொழிகளில் எஸ்எம்எஸ் ஆக அனுப்புவதும் இன்று பெரிய வேலை இல்லை. புயலுக்கு நம் போன்கள் அலறுகின்றனவே.

அதுவரை, பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். அங்கே போன பிறகு, அதிகாலை மூன்று மணிக்குக் கதவைத் தட்டி, "கிளம்புங்க" என்று எழுப்புகிற கைடைத் திட்டாதீர்கள். பனி கெட்டியாக இருக்கிற நேரத்திலேயே உங்களைக் கடத்திவிடப் பார்க்கிறார். "டிபன் முடிச்சிட்டு ஒன்பது மணிக்கு நிதானமாப் போலாம்" என்கிறவரிடம்தான் நேற்று ராத்திரி பனி உறைந்ததா என்று கேட்க வேண்டும்.