பழத்தின் பிறப்பிடம்

பிற தேசத்தில் விளைந்த பழத்தின் சாற்றை நம் ஜனங்கள் பருகுவதில் தோஷம் ஒன்றுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில், பழக்கூழும் செறிவுச் சாறும் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் வந்து இறங்குவதைப் பற்றிப் பேச்செடுத்த மாத்திரத்தில், இறக்குமதியை அடியோடு தடுக்க வேண்டும் என்பாரும், வர்த்தகத்தில் சர்க்கார் தலையிடவே கூடாது என்பாருமாக இரு கட்சிகள் எழுந்துவிடுகின்றன. என் வழக்கு இவ்விரண்டையும் சார்ந்ததன்று. வெளிநாட்டுச் சாறு வரட்டும். ஆனால் அது எந்த நாட்டு மரத்தில் காய்த்தது என்பதைக் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதே நான் கேட்பது.

இறக்குமதிக்கு நியாயமான காரணங்கள் உண்டு. நாக்பூர் ஆரஞ்சு கையால் உரித்துச் சுளை சுளையாகத் தின்பதற்கென்றே படைக்கப்பட்டதுபோல் அத்தனை ருசியுள்ளது என்றாலும், அதைப் பிழிந்து வைத்தால் லிமோனின் என்ற பொருளின் விளைவாகச் சிறிது நேரத்தில் கசப்பு ஏறுகிறது. ஆகையால் ஆலைக்காரர் பிரேசில் நாட்டுச் சாற்றை நாடுவதில் வியப்பில்லை. அந்த நாட்டின் கதையே ஒரு பாடம். 1940-களில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து விஞ்ஞானிகள், ஆரஞ்சுச் சாற்றை வெற்றிடத்தில் குறைந்த உஷ்ணத்தில் சுண்டவைத்து, போன மணத்தை மீட்கச் சிறிது புதுச் சாறும் சேர்த்து உறையவைக்கும் முறையைக் கண்டார்கள். 1962 டிசம்பரில் கடும் பனி விழுந்து புளோரிடாவின் தோப்புகள் கருகியபோது, அந்த வித்தையைக் கைக்கொண்டு பிரேசிலின் சாவோ பாலோ மாநிலம் முன்னுக்கு வந்தது. உலகச் சந்தைக்கு வரும் ஆரஞ்சுச் சாற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்று அந்நாட்டினுடையது. பிழிந்த சாற்றின் இனிப்புச் செறிவு பிரிக்ஸ் அளவையில் 11 அல்லது 12. சுண்டிய சாற்றில், அதாவது செறிவுச் சாற்றில், அது 65. நீருக்குக் கப்பல் வாடகை கொடுக்க வேண்டாத இந்தச் சிக்கனம்தான், கடலுக்கு அப்பாலுள்ள தோப்பை நம் ஆலையின் வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறது.

ஆப்பிளின் விஷயம் இன்னும் கவனிக்கத்தக்கது. சீனத்தின் ஷான்சி மாகாணத்திலும் போலந்திலும் துருக்கியிலும் பெருமளவில் சுண்டப்படும் ஆப்பிள் சாறு, தன் நிறத்தாலும் ருசியாலும் மற்றப் பழங்களை மீறாத சாந்த சுபாவம் உடையது. ஆகையால் பல பழங்கள் கலந்தது என்று விற்கப்படும் பானங்களுக்கு அதையே அடித்தளமாக வைத்து, அட்டைப் படத்தில் முன்னிற்கும் உயர்ந்த பழத்தைச் சிறிதளவு சேர்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். இத்தகைய பதார்த்தத்தில் மோசடி நுழைவது எளிது. எவ்வளவு எளிது என்பதை அமெரிக்காவில் நடந்த ஒரு விவகாரம் காட்டியது. பச்சைக் குழந்தைகளுக்கென்று ஆப்பிள் சாறு விற்ற பீச்-நட் என்ற புகழ்பெற்ற நிறுவனம், சந்தை விலையைவிட வெகு மலிவாகக் கிடைத்த செறிவுச் சாற்றை வாங்கி அடைத்து வந்தது. அது பெரும்பாலும் சர்க்கரையும் நிறமும் மணமும் கூட்டிய நீரே என்று வெளிப்பட்டு, 1987-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 20 லட்சம் டாலர் அபராதம் செலுத்த நேர்ந்தது. நாவுக்கு எட்டாத இத்தகைய பொய்யை ரசாயன சாஸ்திரம் பிடித்துவிடுகிறது: கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலுள்ள கரியை ஏற்கும் மார்க்கம் ஒன்று, ஆப்பிள் மரம் ஏற்கும் மார்க்கம் வேறு, ஆகவே சாற்றிலுள்ள கனத்த கரியணுவுக்கும் இலேசான கரியணுவுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தாலே கரும்புச் சர்க்கரை கலந்ததா என்று சொல்லிவிடலாம். பீட்ரூட் இனச் சர்க்கரை ஆப்பிளின் மார்க்கத்தையே பின்பற்றுவதால் அந்தச் சோதனைக்கு அகப்படாது. அதற்கு வேறு சோதனைகள் வேண்டும். அழுகல் ஆப்பிளில் பூஞ்சை உண்டாக்கும் பட்டுலின் என்ற நச்சுக்கோ, கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் என்ற வரம்பு விதித்திருக்கிறார்கள். இவ்வளவு ஜாக்கிரதை தேவைப்படும் சரக்கு எங்கிருந்து வந்தது என்பதை அறிய விரும்புவது வெறும் ஆவல் அன்று.

நம் சட்டத்தின் நிலை என்ன? வெளிநாட்டில் அடைத்து வரும் பாட்டிலின்மேல் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும். ஆனால் ஓர் உணவுப் பொருள் இரண்டாவது நாட்டில் அதன் தன்மையே மாறும்படி பதப்படுத்தப்பட்டால், அந்த இரண்டாவது நாடே அதன் பிறப்பிடமாகக் கொள்ளப்படும் என்று நம் லேபிள் விதி சொல்கிறது. செறிவுச் சாற்றில் நீரும் சர்க்கரையும் சேர்த்து இங்கே அடைத்துவிட்டால், பிரேசிலும் சீனமும் அட்டையிலிருந்து மறைந்துபோகின்றன. இதே கேள்வி அமெரிக்காவில் எழுந்தபோது, நீரும் ஆரஞ்சு எண்ணெயும் புதுச் சாறும் கலப்பதனால் அந்நிய நாட்டுச் செறிவுச் சாறு புதியதொரு பொருளாகிவிடுவதில்லை, ஆகையால் அந்நாட்டின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று அமெரிக்கச் சுங்க இலாகா தீர்மானிக்க, பழச்சாறு உற்பத்தியாளர் சங்கம் வழக்காடியது; 1986-ல் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் இலாகாவின் பக்கமே தீர்ப்பளித்தது. அது நியாயமான தீர்ப்பு என்பதே என் அபிப்பிராயம். பாலில் நீர் வார்த்ததனால் கறந்த பசு மாறிவிடுவதில்லை அல்லவா?

இதில் மாம்பழம் விளையும் நம் கிருஷ்ணகிரிக்கும் சம்பந்தம் உண்டு. 2014-ல் பிரதமர் தும்கூரில் உணவுப் பூங்காவைத் திறந்து வைத்தபோது, குளிர்பானக் கம்பெனிகள் 5 சதவிகிதமாவது பழச்சாறு கலக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது விவசாயியை உத்தேசித்தே. 2025 செப்டம்பர் 22 முதல், வாயு ஏற்றாத பழச்சாற்றுப் பானங்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. பழ பானம் என்று பெயர் பெறப் பொதுவாக 10 சதவிகிதச் சாறு போதும். அந்தப் பத்தும் எந்த நாட்டுத் தோப்பினது என்று யாரும் கேட்பதில்லை. அதே 2025-ம் ஆண்டில், நாம் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் அழைக்கும் தோத்தாபுரி மாங்காய் விலை சரிந்து, எல்லைக்கு அப்பால் சித்தூரில் கிலோவுக்கு 12 ரூபாயாவது கிடைக்கட்டும் என்று ஆலைகள் 8 ரூபாயும் ஆந்திர சர்க்கார் 4 ரூபாயுமாகப் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு செய்ய நேர்ந்தது. கிருஷ்ணகிரி விவசாயிகளும் விலையின்றித் தவித்தார்கள். இந்தச் சரிவுக்கு இறக்குமதிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சவூதி அரேபியாவும் யேமனும் நெதர்லாந்தும் வாங்கும் மாங்கூழை நம்பி வாழும் தொழிலில் விலை இறங்கப் பல காரணங்கள் உண்டு. விவசாயியின் பெயரால் கொடுக்கப்பட்ட வரிச் சலுகை அவனைச் சேர்கிறதா என்று கண்டறிய நம்மிடம் வழி இருக்க வேண்டும் என்பதே என் கவலை; மாம்பழ பானத்தை விரும்பி வாங்குகிறவர் அது கிருஷ்ணகிரிக் கூழா, ஆப்பிள் அடித்தளத்தின்மேல் தெளித்த மணமா என்று அட்டையைப் பார்த்தே தெரிந்துகொண்டால், அவர் கொடுக்கும் காசு தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும்.

பருவத்துக்குப் பருவம் சரக்கு வரும் நாடு மாறுகிறதே, ஒவ்வொரு முறையும் அட்டையை மாற்றி அச்சிடுவது எப்படி என்று ஆலைக்காரர்கள் கேட்பார்கள். அமெரிக்காவில் இரண்டு மூன்று நாடுகளின் பெயரைச் சேர்த்தே அச்சிடுகிறார்கள். இங்கும் அப்படிச் செய்யலாம். 2024 ஜூனில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், செறிவுச் சாற்றிலிருந்து செய்த பானத்தை நூறு சதவிகிதப் பழச்சாறு என்று விளம்பரப்படுத்துவதை நீக்கச் சொன்னபோது, அச்சிட்டு வைத்திருந்த அட்டைகளைச் செலவழிக்க அவகாசமும் தந்தது. அதே ஆணையம், நீர் கலப்பதும் இனிப்புச் சேர்ப்பதும் சூடாக்குவதும் பொருளின் தன்மையை மாற்றியதாகக் கொள்ளப்படமாட்டா என்று பிறப்பிட விதியில் ஒரு வாக்கியம் சேர்த்து, அதற்கும் அவ்வாறே அவகாசம் கொடுக்கட்டும்.