இரும்பும் இதயமும்

நம் திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் கொதிகலன் குழாய்களின் பற்றவைத்த இணைப்புகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். இரும்புக்குக் காட்டும் இந்த அக்கறையை இதயத்துக்கும் காட்டுகிறோமா? மாடி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்பவருக்கு, "வாயுதான்" என்று சோடா அல்லவா வாங்கிக் கொடுக்கிறோம்!

கை நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம், இதயம்வரை குழல் செலுத்தாமலே தமனிச் சுருக்கத்தைக் காட்டிவிடும். ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலியுற்ற 4,146 பேரை ஆராய்ந்தனர். 2018-இல் வெளியான முடிவின்படி, ஐந்தாண்டுகளில் மாரடைப்புக்கோ இதயநோய் மரணத்துக்கோ ஆளானோர், வழக்கமான பரிசோதனை மட்டும் பெற்றவருள் 3.9 சதவீதம், சி.டி.யும் எடுத்தவருள் 2.3 சதவீதம்.

அறிகுறி இல்லாதவர் அச்சத்தால் இதை நாட வேண்டியதில்லை. அறிகுறி உள்ள கூலித் தொழிலாளி, பணமின்மையால் இதை இழக்கலாகாது என்பதே என் கருத்து. இரும்பைவிட மனிதன் மலிவானவன் அல்லன்.