வீட்ட யாரு பாத்துக்கிறாங்க?

தோழர்களுக்கு ஒரு கேள்வி மனப்பாடம் ஆகிவிட்டது. "நீங்க வேலைக்குப் போயிட்டா வீட்ட யாரு பாத்துக்கிறாங்க?" வங்கியில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் கேட்கிறார்கள். கிழக்குத் தாம்பரத்தில் நடக்கிற நம் வாசிப்பு வட்டத்தில் கேட்கிறார்கள். ஏப்ரல் 14 அன்று மாலை போடப் போன இடத்திலும் கேட்டார்கள். கேட்பவர்களில் ஆதிக்கசாதிக்காரர் உண்டு, நம் ஆட்களும் உண்டு. இந்த இரண்டு வருஷத்தில் ஒருத்தர்கூட என் துணைவரிடம் இதைக் கேட்டதில்லை. அவரும் வேலைக்குத்தான் போகிறார், மறைமலை நகருக்கு, ஷிப்டில். அவருக்கும் அதே வீடு, அதே பிள்ளை.

பெண்கள் பத்திரிகைகள் இந்தக் கேள்விக்கு வாரந்தோறும் பதில் சொல்கின்றன. ராத்திரியே காய் நறுக்கி வை. ஞாயிற்றுக்கிழமை மாவு அரைத்து வை. நேரத்தைத் திட்டமிடு. நம்பிக்கையான வேலைக்காரியாப் பார்த்து வை. அத்தனையும் ஏவல் வினை, அத்தனையும் பெண்ணுக்கு. "சமாளிப்பது" என்கிறார்களே, அந்தச் சொல்லின் எழுவாய் எப்போதும் பெண்பால்தான். கடைசி யோசனையில் வருகிற அந்த "நம்பிக்கையான வேலைக்காரி" யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறாள், அவள் வீட்டை யார் சமாளிக்கிறார்கள் என்று எந்தப் பத்திரிகையும் கேட்காது. அவர்கள் கேட்காததில் ஆச்சரியம் இல்லை. நாம் ஏன் கேட்பதில்லை?

வீட்டிலிருந்த தாய் திரும்ப வேலைக்குப் போவது என்கிற பேச்சே நம் தெருவுக்குப் புதுசு. என் அம்மா திரும்ப வேலைக்குப் போனதில்லை. ஏனென்றால் அவள் வேலையை நிறுத்தியதே இல்லை. மதுராந்தகம் பக்கம் கழனியில் நாத்து நட்டாள், களை பறித்தாள், அறுப்பறுத்தாள். நான் வரப்போரத்து வேப்பமரத்துத் தூளியில் கிடந்தேன். பிள்ளைப்பேறு விடுப்பு, குழந்தைகள் காப்பகம், வேலைக்கும் வீட்டுக்கும் சமநிலை, எதுவும் கிடையாது. பால் கொடுக்கக் கரையேறினால் மேஸ்திரி பார்த்த பார்வைக்கு ஒரு விலை இருந்தது, அது கூலியில் பிடிபட்டது. சேரியில் பொம்பள வேலைக்குப் போறதா வேணாமா என்று யாரும் பட்டிமன்றம் நடத்தியதில்லை.

அதனால்தான் நம்மில் முதல் தலைமுறை அரசு வேலைக்கு வந்த அப்பன்மார், "இனிமே என் பொண்டாட்டி எவன் கழனியிலயும் கால வைக்க மாட்டா" என்றபோது அது வெறும் ஆணாதிக்கப் பேச்சு இல்லை. அந்தக் கழனியில் கூலி மட்டுமா போனது? நிலக்காரன் கை எதுவரை நீண்டது என்று ஆயாமார் வாயால் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வீட்டில் இருக்க முடிவது ஒரு விடுதலையாக இருந்தது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். மேல்தட்டுப் பெண்ணியம் இதைப் புரிந்துகொள்ளாமல் பேசியதற்குத்தான் 1995இல் தலித் பெண்களின் தேசியக் கூட்டமைப்பைத் தனியாகத் தொடங்க வேண்டியிருந்தது.

ஆனால் அந்த விடுதலை எப்போது விதியாக மாறியது? "எங்க வீட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போக வேண்டிய அவசியம் இல்ல" என்று கிளப்புக் கடையில் உட்கார்ந்து பெருமையாகச் சொல்கிற நம் தோழர் அந்தப் பெருமையை எங்கிருந்து எடுத்தார்? அக்கிரகாரத்திலிருந்தும் பிள்ளைமார் தெருவிலிருந்தும் எடுத்தார். அண்ணல் 1916இல், 25 வயதில், கொலம்பியாவில் படித்த கட்டுரையில் இதைத்தான் பிரித்துக் காட்டினார். சாதி தன்னைக் காத்துக்கொள்வது பெண்ணைக் கட்டிவைப்பதன் மூலம், மற்றவர்களிடம் பரவுவது மேலே இருப்பவனைப் பார்த்துப் போலச்செய்வதன் மூலம். அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு அவர் காட்டிய நோயை வீட்டுக்குள் கூப்பிட்டு நாற்காலி போடுகிறோம்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், வாதத்துக்குத் தேவை என்பதால். பி.காம். முடித்து மெப்ஸில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத்தில் இருந்தேன். 1984இல் தாம்பரத்தில் அந்த ஏற்றுமதி வளாகம் வந்தபிறகு இந்தப் பக்கத்துப் பெண்கள் எத்தனை ஆயிரம் பேர் அந்த வாசலில் நுழைந்து வெளியேறியிருப்போம். வயிற்றில் பிள்ளை தெரிந்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஆறு வருஷம் வீட்டில். பிள்ளை தூங்கும்போது போட்டித்தேர்வுக்குப் படித்தேன். வங்கி எழுத்தர் தேர்வுக்குப் பொதுப்பிரிவில் வயது வரம்பு 28. நமக்கு ஐந்து வருஷத் தளர்வு. அந்தத் தளர்வில்தான் நுழைந்தேன். கிளையில் ஒருவர் அதைச் சலுகை என்றார். பிள்ளை வளர்த்த ஆறு வருஷத்தை இந்த நாட்டில் வேறு எந்தச் சட்டமும் எனக்குத் திருப்பித் தரவில்லை ஐயா, அண்ணல் வாங்கிக் கொடுத்த இடஒதுக்கீடு ஒன்றுதான் தந்தது என்றேன். இடஒதுக்கீட்டைப் பற்றி நாம் எழுதியிருக்கிற நூறு கட்டுரைகளில் இது ஒன்றில்கூட வரவில்லை. எழுதியவர்கள் பிள்ளை வளர்க்காதவர்கள்.

சரி, வேலை கிடைத்தது. இயக்கத்தில் இரண்டு யோசனை வந்தது. ஒன்று, "ஊர்லேர்ந்து அம்மாவ கூட்டியாந்துடுங்க தோழர்."

என் அம்மாவுக்கு 62 வயது. பத்து வயதில் கழனியில் இறங்கியவள். வங்கியில் எனக்கு 60இல் ஓய்வு. எனக்கு மேலே உட்கார்ந்திருக்கிற மேலாளருக்கும் 60இல் ஓய்வு. என் அம்மாவுக்கு எப்போது? மூட்டு தேய்ந்தவளைக் கொண்டுவந்து தாம்பரத்தில் இரண்டாம் மாடியில் பிள்ளையோடு பூட்டிவைப்பதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் பாசம். பேத்தி மேல் அவளுக்குப் பாசம் இல்லாமலா? வரும்போது வரட்டும், இருக்கும்வரை இருக்கட்டும். நான் சம்பளம் வாங்குவதற்காக அவள் சம்பளமில்லாமல் எட்டுமணிநேரம் பார்க்க வேண்டும் என்றால் அது பழைய பண்ணையாள் கணக்குதான்.

இரண்டாவது யோசனை, ஆள் வைப்பது. இங்கேதான் நம் நடுத்தர வர்க்கத் தோழர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சேலையூர், கேம்ப் ரோடு, மேடவாக்கம் அடுக்ககங்களுக்குக் காலையில் போகும் டவுன் பஸ்ஸில் ஒருநாள் ஏறிப் பாருங்கள். பெரும்பாக்கத்திலிருந்து வருகிற பெண்கள். சென்னைக்குள் கூவக்கரையிலும் அடையாற்றுக் கரையிலும் இருந்த நம் சனத்தை 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றிக் கொட்டினார்களே, அவர்கள். வீடு போனது, நடந்துபோய்ச் செய்த வேலையும் போனது. 2021இல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபிறகுதான் பலருக்கு அந்தத் தூரம் கட்டுப்படியானது. அவர்களும் வீட்டில் பிள்ளையை விட்டு முழுநேரம் வேலைக்குப் போகிற தாய்மார்கள்தான். அவர்களை யாரும் நேரத்தைத் திட்டமிடச் சொல்வதில்லை. பூட்டிய கதவுக்கு உள்ளே ஒன்பது வயது அக்கா மூன்று வயது தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள்.

வீட்டுக்குள்ளே வேலையும் சாதியாகத்தான் பிரிகிறது. கழுவ, துடைக்க, கக்கூஸ் தேய்க்க நம் பெண். சமையலுக்கு மட்டும் "எந்த ஊரு, எந்தத் தெரு, கவுச்சி சாப்புடுவியா" என்று விசாரணை. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு நலவாரியம் வந்ததே 2007இல்தான். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் 189ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. வீட்டு வேலையும் வேலைதான், அவளும் தொழிலாளிதான் என்பதுதான் அதன் சாரம். இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. சென்னையில் பிறந்த ரூத் மனோரமா பெங்களூரில் எண்பதுகளிலேயே வீட்டு வேலைப் பெண்களைச் சங்கமாக்கப் போனார். தலித் பெண்களின் கூட்டமைப்பைக் கட்டியவரும் அவரே. இரண்டும் ஒரே வேலை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் தோழர் ஒருவர் வீட்டில் வேலைசெய்யும் அக்காவுக்கு வாரவிடுப்பு உண்டா என்று கேட்டேன். "நம்ம ஆளுதான் தோழர், சொந்தம் மாதிரி" என்றார். ஆண்டை எங்கள் ஆயாவிடம் பேசிய பாஷை இது.

அரசு என்ன செய்தது என்றும் பார்த்துவிடலாம். 2017இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி 26 வாரம் விடுப்பு என்றார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நாலுமுறை போய்ப் பார்க்கலாம் என்றார்கள். என் கிளையில் ஒன்பது பேர். பெரும்பாக்கத்து அக்காவின் முதலாளிக்கு ஒரே ஆள். அப்புறம், தாய் போய்ப் பார்க்கலாமாம். தகப்பன் எங்கே போனான்? சட்டம் எழுதியவன் கண்ணுக்கே அவன் தெரியவில்லை. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில் அவன் கொஞ்சம் தெரிகிறான். சம்பளமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97. இந்த 97ம் கையில் கரி பட்ட ஆண்களின் சராசரி. அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான்.

ஒரு திட்டத்தை மட்டும் மனசார வரவேற்கிறேன். 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்ததே, காலை உணவு. என் மகள் பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாடு தின்கிறாள். ஒரு வேளை அடுப்பு வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டது. அடுப்பு வெளியே வந்ததும் என்ன நடந்தது? அதே 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில், சமைப்பது தலித் பெண் என்பதால் பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. ஆட்சியரே போய் உட்கார வேண்டியிருந்தது. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே சத்துணவுச் சமையலர் ஓர் அருந்ததியர் பெண் என்று சாதி இந்துக்கள் சமைக்கவே விடவில்லை. அடுப்பு தனி வீட்டுக்குள் இருக்கும்வரை சாதி நிம்மதியாகத் தூங்குகிறது. பொது இடத்துக்கு நகர்ந்தால் அலறுகிறது. அப்படியானால் பொது அடுப்பும் பொதுக் காப்பகமும் நம் திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டாமா? நம் துண்டறிக்கைகளில் கடைசிப் பக்கத்தில்கூட இல்லை. "மகளிர் பிரச்சினை" என்று மகளிரணிக்குத் தள்ளியாகிவிட்டது. (மகளிரணிக் கூட்டத்துக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மத்தவங்க கூட்டத்துல நான் பிள்ளைகளையே பார்த்ததில்ல.)

அண்ணல் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களின் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். பிள்ளை பெறும் காலத்தின் செலவைப் பெரும்பங்கு அரசாங்கம் சுமக்க வேண்டும் என்றார். 1942இல் நாக்பூர் மாநாட்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் முன் நின்று, மனைவி கணவனுக்குத் தோழியாக, சமமாக இருக்க வேண்டும், அடிமையாக இருக்க மறுக்க வேண்டும் என்று சொன்னார். நாம் மேடையில் எடுத்துக்கொண்டது ரமாபாயை மட்டும்தான். அதுவும் தியாகியாக. நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர், அவர் லண்டனில் படித்தபோது பம்பாயில் வறுமையில் குடும்பத்தை இழுத்தவர். மே 27 அன்று அந்தக் கஷ்டத்தைச் சொல்லி நம் பேச்சாளர் கண் கலங்குகிறார். கலங்கிவிட்டு, தேநீர் எங்கே என்று உள்ளே பார்க்கிறார். அண்ணல் அவரிடம் தான் பட்ட கடனை மறைக்கவில்லை. 1940இல் வெளியான பாகிஸ்தான் பற்றிய நூலை அவர் நினைவுக்குத்தான் படைத்தார். கடன் என்று அவர் எழுதிவைத்ததை நாம் இலட்சணம் என்று நம் பெண்களுக்குச் சொல்லித்தருகிறோம்.

எங்கள் வீட்டில் எப்படி என்று கேட்பீர்கள். முதல் ஷிப்டு வாரத்தில் காலை என்னுடையது, மூன்றரை மணிக்குப் பள்ளி விட்டதும் அவருடையது. இரண்டாம் ஷிப்டு வாரத்தில் காலைச் சமையல், துணி, பள்ளியில் விடுவது எல்லாம் அவர். மாலை மூன்றரையிலிருந்து நான் ரயில் இறங்கி வரும் ஏழே முக்கால் வரை எங்கள் தெருவிலேயே ஒரு அக்கா, நாலு வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துப் பார்க்கிறார். சம்பளம் அவர் சொன்னது. ஞாயிறு விடுப்பு. இது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை, இதிலும் ஓட்டை உண்டு. அவர் சோறு நன்றாகவே ஆக்குவார். ஆனால் கேஸ் எப்போது தீரும், தடுப்பூசி தேதி எது, சீருடை சின்னதாகிவிட்டதா என்பதெல்லாம் இன்னும் என் தலைக்குள்தான் ஓடுகிறது. கவுண்ட்டரில் காசு எண்ணும்போதும் ஓடுகிறது. வேலையைப் பிரிக்க முடிந்தது, ஞாபகத்தைப் பிரிக்கத்தான் சண்டை நடக்கிறது. சண்டை போடத்தான் செய்வேன்.

ஆறு வருஷம் நான் ஆக்கியபோது தெருவில் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வாசலில் துணி காயப்போட்ட அன்றிலிருந்து, "உன் வூட்டுக்காரு தங்கம்மா" என்கிறார்கள். தெரு இப்படி. இயக்கம் வேறுமாதிரி. கூட்டத்துக்கு அவர் அரைமணி தாமதமாக வந்தால், "சமையல் முடிஞ்சுதா தோழர்?" என்று சிரிப்பு. போன மாதம் ஒரு பொறுப்புக்கு அவர் பெயர் வந்தபோது, "அவருக்கு வீட்டு வேல ஜாஸ்தி" என்று ஒரு குரல். பிள்ளையைக் குளிப்பாட்டுவது ஒரு ஆணுக்குத் தகுதிக்குறைவு என்றால் அந்தத் தகுதியை வகுத்தவன் எவன்? இழிவான வேலை என்று ஒன்றை ஒதுக்கி, அதற்கென்று பிறந்த ஒரு கூட்டத்தையும் ஒதுக்கியவன்தானே? நம் தாத்தாக்கள் செத்த மாட்டைத் தூக்க மறுத்தபோது கேட்ட கேள்வியை, நம் வீட்டுப் பெண் எச்சில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறாள். பதில் சொல்லுங்கள்.

தாம்பரம் மாநகராட்சிக்கு நாம் அடுத்துக் கொடுக்கப்போகும் மனுவில் சாலை, குடிநீர், சுடுகாட்டுப் பாதையோடு இதையும் எழுதுங்கள்: வார்டுக்கு ஒரு குழந்தைகள் காப்பகம், இரவு எட்டு மணி வரை, அங்கே வேலைசெய்பவருக்கு மதிப்பூதியம் என்ற ஏமாற்று இல்லாமல் சம்பளம். பெரும்பாக்கத்தில் முதலில் திறக்கட்டும். அது எந்த அமைப்பின் எல்லைக்குள் வந்தாலும் அங்கேதான் முதலில்.

வருகிற இரண்டாம் சனிக்கிழமை, எங்கள் வங்கிக்கு விடுமுறை, மாவட்டக் கூட்டம் ஆறு மணிக்கு என்று அறிவித்திருக்கிறீர்கள். நானும் வருகிறேன், மகளும் வருகிறாள். பிள்ளைகளுக்கு ஒரு அறை ஒதுக்குங்கள், அதில் உட்கார இரண்டு ஆண் தோழர்களின் பெயரை இப்போதே போடுங்கள். தேநீர் போடுகிறவர் பட்டியலையும் சுவரில் ஒட்டுங்கள், மாவட்டச் செயலாளர் பெயர் முதலில் இருக்கட்டும்.