போர் போடுவதற்கு முன்னால் சைலன்சரைக் கழற்றிப் பாருங்கள்

உங்களில் பாதிப் பேர் பைக்கில்தான் பிழைப்பு நடத்துகிறீர்கள். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் தங்கச்சி மகன் துறைமுகத்தில் மீன் எடுத்து, டிவிஎஸ் எக்ஸெல் 100-ல் பெட்டி கட்டி, புதியம்புத்தூர் பக்கம் ஊர் ஊராக விற்பவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. அவன் கையிலும் காசு இருக்காது. அந்த நேரம் பார்த்து வண்டி புகை விட ஆரம்பித்தது. ஒரு கடையில், இன்ஜினைத் திறக்காமலே, "போர் போட்டாத்தான் சரியாகும், 8,000 ரூபாய் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். இவன் பொண்டாட்டி கம்மலை அடகு வைக்கக் கிளம்பிவிட்டான்.

"மாமா, புகை வந்தா போர் போயிருச்சுன்னுதானே அர்த்தம்?" என்றான். எப்போது வருகிறது என்று கேட்டேன். காலையில் முதல் கிக்கில் வருகிறது, ரெண்டு நிமிஷத்தில் நின்றுவிடுகிறது என்றான். எனக்கு அங்கேதான் சந்தேகம். ரிங் தேய்ந்து போயிருந்தால் பாரம் ஏற்றிப் போகும்போது நாள் பூராவும் அல்லவா புகைய வேண்டும்?

வண்டி நன்றாக ஆறியபிறகு சைலன்சரைக் கழற்றி, இன்ஜினில் புகை வெளியேறும் வாய்க்குள் விரலை விட்டேன். ஈரக் கரி. அதை வெள்ளைத் தாளில் தேய்த்து வெயிலில் வைத்தோம். தண்ணீரோ பெட்ரோலோ என்றால் காய்ந்து போகும். எண்ணெய் என்றால் பஜ்ஜி மடித்த தாள் மாதிரி கறை நிற்கும். கறை நின்றது.

(தண்ணீர் எப்படி வரும் என்று கேட்காதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. கடைக்கும் வீட்டுக்குமாக மட்டும் ஓட்டுகிற வண்டியில் அது சைலன்சருக்குள்ளேயே தங்கி, கரியோடு கலந்து கறுப்புத் தண்ணீராகச் சொட்டும். அது நோயே இல்லை.)

அடுத்து பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டார்ச் அடித்து பிஸ்டன் தலையைப் பார்த்தோம். காய்ந்த கரிதான், ஈரம் இல்லை. முக்கியமான இடம் இதுதான். பிஸ்டன் தலையும் நனைந்திருந்தால் ரிங் வழியாகவோ, பெட்ரோல் உள்ளே வரும் பக்கத்து வால்வு வழியாகவோ எண்ணெய் இறங்குகிறது. அங்கே காய்ந்து, வாய் மட்டும் நனைந்திருந்தால் புகை வெளியேறும் பக்கத்து வால்வு சீல் போய்விட்டது. ராத்திரி நிற்கும்போது எண்ணெய் கசிந்து வாயில் தேங்கி, காலையில் சூடு பட்டதும் புகைகிறது. அவ்வளவுதான்.

வேறொரு மெக்கானிக் ஹெட்டை மட்டும் இறக்கி, வால்வு ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்து, ரெண்டு சீலையும் மாற்றிக் கொடுத்தார். சொன்ன தொகையில் கால்வாசிகூட ஆகவில்லை. கம்மல் காதிலேயே இருக்கிறது.

நான் மெக்கானிக்குகளைக் குறை சொல்லவில்லை. என் மாணவர்களே பல பேர் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். வேலை குவிந்து கிடக்கும் கடையில் உட்கார்ந்து கரி பார்க்க நேரம் இருக்காது. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தைக் கேட்டு வாங்குவது வண்டிக்காரன் உரிமை என்பது என் கட்சி. புகை என்றாலே போர் என்று தலையாட்டக் கூடாது. உலர்ந்த, மை மாதிரி ஒட்டும் கரி என்றால் எண்ணெய்க்குச் சம்பந்தமே இல்லை. பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. உப்பளப் பாதையில் ஓட்டுகிறவர்கள் முதலில் அந்த ஃபில்டரைப் பாருங்கள். நிஜமாகவே ரிங் சந்தேகம் என்றால், கேஜ் வைத்து கம்ப்ரஷன் அளந்து, பிளக் துளையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. அப்போது தாராளமாகப் போர் போடுங்கள், நான் தடுக்கவில்லை.

சைலன்சரைத் திரும்ப மாட்டும்போது புது பேக்கிங் போடுங்கள். பழையதையே போட்டுவிட்டு, டப் டப் என்று சத்தம் வருகிறது சார் என்று எனக்கு போன் செய்ய வேண்டாம்.

பட்டறை வைத்திருக்கும் என் பிள்ளைகள் இதில் தப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். திருத்திக்கொள்கிறேன்.