பசி ஏழு வயதுவரை காத்திருக்காது

2013 அக்டோபர் 23. அப்போது எனக்கு எட்டு வயது. அன்று விடியுமுன் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் ஆற்றில் பெருகி எங்கள் லெம்பா பெர்த்தாமுக்குள் புகுந்தது. உயிர்கள் போயின. வீடுகளும் வாகனங்களும் சேற்றில் புதைந்தன. அதன் பிறகு பல நாட்கள் மலையேறி வந்த உதவிக்குக் குறைவில்லை. அரிசி மூட்டை, மீ பாக்கெட், மைலோ, பிஸ்கட் டின் என்று மண்டபம் நிறைந்தது. தலைவர்கள் வந்தார்கள், ஆறுதல் சொன்னார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் அந்த உதவி எங்களுக்குப் பெரிது. அதை மறக்க மாட்டேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, பல்கலைக்கழகப் பருவ விடுமுறையில் ஊருக்கு வந்தபோது வேறொன்றைப் பார்த்தேன். ஒரு தமிழ்ப்பள்ளியில் சிறுவர்களுக்கு வாசிப்புப் பயிற்சி கொடுக்கச் சென்றிருந்தேன். உணவு இடைவேளையில் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் தட்டிலிருந்த அவித்த முட்டையை மெதுவாக எடுத்து, தாளில் சுற்றிப் புத்தகப் பைக்குள் வைத்தான். "சாப்பிடாம ஏன்பா ஒளிச்சு வைக்கிற?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

"தம்பிக்கு, அக்கா. அவனுக்கு மூணு வயசுதான். இன்னும் ஸ்கூல்ல சேரலையே" என்றான்.

எட்டு வயதுப் பையன் எங்கள் ஊட்டச்சத்துக் கொள்கையில் உள்ள ஓட்டையை ஒரே வரியில் சொல்லிவிட்டான். அவன் தட்டுக்கு வந்த முட்டை அரசாங்கத்தின் ஆர்.எம்.டி. எனப்படும் துணை உணவுத் திட்டத்தின் முட்டை. 1979 முதல் நடந்துவரும் நல்ல திட்டம் அது. தீபகற்பத்தில் ஒரு மாணவருக்கு ஒரு வேளைக்கு 2 ரிங்கிட் 50 சென் என்றிருந்த ஒதுக்கீடு 3 ரிங்கிட் 50 சென்னாக உயர்த்தப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் அந்தத் தட்டு ஆரம்பப் பள்ளியின் தட்டு. ஒரு குழந்தை அதன் முன் உட்கார ஏழு வயதாக வேண்டும். அரசாங்கப் பாலர் பள்ளியில் இடம் கிடைத்தால் ஓரிரு ஆண்டுகள் முன்னதாக உணவு கிடைக்கும். அதற்கும் முன்பு?

மருத்துவம் சொல்வது இதற்கு நேர் எதிர். கருவுற்ற நாள் தொடங்கி இரண்டு வயது நிறையும் வரையிலான சுமார் ஆயிரம் நாட்கள்தான் உடலுக்கும் மூளைக்கும் அடித்தளம் போடும் காலம். அப்போது போதிய சத்து கிடைக்காத குழந்தை வயதுக்கேற்ற உயரம் வளர்வதில்லை. இதை வளர்ச்சி குன்றல் என்கிறோம். குன்றிய குழந்தைக்கு நோய் எளிதில் தொற்றும், படிப்பிலும் பின்தங்க நேரும். இழந்ததைப் பின்னாளில் முழுமையாக மீட்பது கடினம். ஏழு வயதில் கொடுக்கும் முட்டை அன்றைய பசியைத் தீர்க்கும், பாடத்தில் கவனத்தைக் கூட்டும். கடந்துபோன ஆயிரம் நாட்களை அது திருப்பித் தராது.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. சுகாதார அமைச்சின் தேசிய உடல்நல ஆய்வின்படி, 2019-இல் மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியிருந்தனர். 2022-இல் அது 21.2 விழுக்காடு. அதாவது ஐந்தில் ஒரு குழந்தை. மூன்று ஆண்டுகளில் ஒரு விழுக்காடுகூடக் குறையவில்லை. தலைநகரின் மலிவு விலை அடுக்ககங்களில் யுனிசெஃப் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்விலும் நிலை ஏறக்குறைய இதுவே.

எங்கள் பள்ளத்தாக்கைப் பார்த்தவர்களுக்கு ஒரு வியப்பு வரும். கண்ணுக்கெட்டிய தூரம் பிளாஸ்டிக் கூரைகள், அவற்றின் அடியில் தக்காளியும் கோபிஸும் கீரையும். நாடு முழுவதும், சிங்கப்பூர் வரையும் எங்கள் காய்கறி போகிறது. இங்கேயா சத்துக்குறைவு? ஆம். கோபிஸ் மட்டுமே குழந்தையை வளர்த்துவிடாது. முட்டை, மீன், பால், பருப்பு வேண்டும். மீன் மலையேறி வரும்போது விலையும் சேர்ந்தே ஏறுகிறது. காலை ஆறரைக்கு வேலைக்குப் போகும் தாய், வெறும் சோற்றில் கிச்சாப் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஓடுகிறார். குழந்தை அழுதால் டின் பாலில் கலந்த தேநீர். வயிறு நிறைகிறது, எலும்பு வளர்வதில்லை.

"அது பெற்றோரின் பொறுப்பு இல்லையா?" என்று சிலர் கேட்பார்கள். பொறுப்புதான். டின் பால் குழந்தைக்கு உணவல்ல என்பதை நம் வீடுகளில் நாம் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் என் பாட்டி தேயிலைக் கொழுந்து பறித்த காலத்தில் தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது. கைக்குழந்தையை அங்கே விட்டுவிட்டுத்தான் மலைக்குப் போனார். குறைகள் ஆயிரம் இருந்திருக்கலாம், ஆனால் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டிய தேவையை 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டமும் உணர்ந்திருக்கிறது. இன்று தோட்ட வீட்டைவிட்டு வெளியேறி, வாடகை அறையில் இருந்துகொண்டு காய்கறிப் பண்ணையில் நாட்கூலிக்குப் போகும் தாய்க்கு எந்த ஆயா இருக்கிறார்?

இங்கேதான் மக்கள் பிரதிநிதியின் வேலை தொடங்குகிறது. கேமரன்மலை பலமுறை தன் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. 2019 ஜனவரி 26 இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோரைத் தேர்ந்தெடுத்து, மக்களவைக்கு முதல் பூர்வக்குடி உறுப்பினரை அனுப்பிய பெருமையும் இந்தத் தொகுதிக்கு உண்டு. 2022 தேர்தலுக்குப் பிறகு அவர் மக்களவைத் துணைச் சபாநாயகர்களில் ஒருவரானார். பூர்வக்குடிக் குழந்தையின் பசியும் தோட்டக் குழந்தையின் பசியும் வேறு வேறல்ல என்பதை இந்தத் தொகுதியைவிட நன்கு அறிந்த தொகுதி எது? கல்வியும் மருத்துவமும் கூட்டரசின் கையில் உள்ளன. சமூக நலனும் சிறார் பாதுகாப்பும் கூட்டரசுக்கும் மாநிலத்துக்கும் பொதுவான பட்டியலில் உள்ளன. ஆகவே நாடாளுமன்ற உறுப்பினரோ சட்டமன்ற உறுப்பினரோ "இது என் வேலையில்லை" என்று சொல்ல இடமில்லை.

தமிழ்நாட்டின் அனுபவம் ஒன்றை இங்கே நினைவுகூரலாம். 1956-இல் காமராஜர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தை நாம் அடிக்கடி பெருமையோடு பேசுகிறோம். அதற்குப் பிறகு நடந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. 1980-இல் அங்கே ஓர் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. கிராமங்களில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்குக் கூடுதல் உணவு கொடுத்தார்கள், தாய்க்கு ஆலோசனை சொன்னார்கள். 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் பள்ளிப் பிள்ளைகளோடு நிற்கவில்லை. இரண்டு வயதுக் குழந்தையையும் அழைத்து உட்கார வைத்தது. குழந்தை பள்ளிக்கு வரட்டும் என்று காத்திராமல், உணவு குழந்தையைத் தேடிப் போனது.

நம் நாட்டிலும் இதற்கான விதை இருக்கிறது. சத்துக்குறைவுள்ள சிறாரை மீட்கும் திட்டமொன்றைச் சுகாதார அமைச்சு 1989 முதல் நடத்துகிறது. எடை குறைந்த, வறிய குடும்பத்துக் குழந்தைக்கு அதன்வழி உணவுக் கூடை கிடைக்கிறது. ஆனால் கூடை கிடைக்க முதலில் குழந்தை தராசில் ஏற வேண்டும். ஒரு நாள் கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்று கணக்குப் பார்க்கும் தாயின் குழந்தை எப்போது தராசில் ஏறும்?

எனவே நம் பிரதிநிதிகளிடம் நான் வைக்கும் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, தராசு மலையேறி வரட்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்திலோ பொது மண்டபத்திலோ ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் எடையும் உயரமும் பார்க்கச் சுகாதாரத் துறையை வரவழையுங்கள். இரண்டாவது, பண்ணைத் தொழிலாளரின் குழந்தைகளுக்கு ஒரு முட்டையும் ஒரு குவளைப் பாலும் கொடுக்கும் சமூகக் காப்பகம் அமைக்க ஒதுக்கீடு கேளுங்கள். மூன்றாவது, மக்களவையில் எழுத்துபூர்வமாகக் கேள்வி எழுப்புங்கள். கேமரன்மலை மாவட்டத்தில் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் எத்தனை பேர், உணவுக் கூடை பெறுவோர் எத்தனை பேர்? பெண்கள், சிறார், சமூக மேம்பாடு தொடர்பான சிறப்புத் தேர்வுக் குழு நாடாளுமன்றத்தில் இருக்கிறது. அங்கே எங்கள் மலையின் பெயர் ஒலிக்கட்டும். தீபாவளிக்குக் கொடுக்கும் அன்பளிப்புக் கூடை ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். அவைக்குறிப்பில் பதிவான பதில் அடுத்த பிரதிநிதியையும் கட்டுப்படுத்தும்.

மாணவ நண்பர்களே, நமக்கும் வேலை இருக்கிறது. விடுமுறையில் ஊர் திரும்பும் நாம் எடை பார்க்கும் நாளில் பெயர் எழுதலாம், தாய்மாருக்குத் தமிழில் விளக்கலாம், மலாய்ப் பாரங்களை நிரப்பிக் கொடுக்கலாம். இரு மொழியும் படித்த நம்மால் முடிகிற உதவி இது. நான் மேற்சொன்ன மூன்று கோரிக்கைகளையும் மலாயில் ஒரு பக்கக் கடிதமாக எழுதி வைத்திருக்கிறேன். பருவம் தொடங்குவதற்குள் தொகுதிச் சேவை மையத்தில் நேரில் கொடுப்பேன்.

வெள்ளம் சத்தம் போட்டு வந்தது, அதனால் நாடே எங்களைத் திரும்பிப் பார்த்தது. குழந்தையின் வளர்ச்சி குன்றுவது சத்தம் போடுவதில்லை. பார்க்க வேண்டியவர்கள் தேடி வந்துதான் பார்க்க வேண்டும். அண்ணன் பையில் ஒளித்துக் கொண்டுவரும் அரை முட்டையை நம்பி ஒரு மூன்று வயதுக் குழந்தை வாசலில் காத்திருக்கக் கூடாது. அவனுக்கென்று ஒரு முட்டை அவன் தட்டிலேயே இருக்க வேண்டும்.