மேடை ஏறினால்தான் உயிர்

நம் இல்லத்துப் பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் மேனாட்டு இசை வகைகளுள் 'ஃபங்க்' என்பதும் ஒன்று. பெரியோர் சிலர் அதனை நேற்று முளைத்த ஆரவாரம் என்று எண்ணி முகம் சுளிப்பர். உண்மையில் அஃது ஏறத்தாழ அறுபது ஆண்டுப் பழமையுடையது. ஒருமுறை ஒளி மங்கி, மீண்டும் மேடை ஏறி உயிர் பெற்றது. அந்த வரலாறு நமக்கும் பயன்படும்.

அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களிடையே 1960களில் தோன்றிய இசை இது. இதற்கு உருவம் கொடுத்தவர்களுள் தலையாயவர் ஜேம்ஸ் பிரவுன். 1967இல் வெளிவந்த அவருடைய 'கோல்டு ஸ்வெட்' என்னும் பாடலில் மெட்டைவிடத் தாளமே தலைமை தாங்கியது. ஒவ்வொரு சுற்றின் முதல் அடியிலும் அழுத்தம் விழும். நம் தாளத்தில் 'சமம்' என்போமே, அவ்விடம் போன்றது அது.

பிற்காலத்தில் வேறு இசைகள் செல்வாக்குப் பெறவே, ஃபங்க் பின்தங்கியது. 1980களின் இறுதியில் லண்டன் இளைஞர்கள் பழைய இசைத்தட்டுகளைத் தேடியெடுத்து நடனக் கூடங்களில் ஒலிக்கச் செய்தனர். ஃபங்கும் ஜாஸும் கலந்த அப்புது வகை 'ஆசிட் ஜாஸ்' எனப்பட்டது. 1987இல் அப்பெயராலேயே ஓர் இசைத்தட்டு நிறுவனமும் எழுந்தது. 'பிராண்ட் நியூ ஹெவீஸ்' போன்ற குழுவினர் தட்டுகளைச் சுழற்றுவதோடு அமையாமல், கருவிகளைத் தாமே ஏந்தி வாசித்தனர்.

தட்டைச் சுழற்றுவதற்கும் ஆளை மேடை ஏற்றுவதற்கும் பெரும் வேற்றுமை உண்டு. ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் டிரம் வாசித்த கிளைடு ஸ்டபிள்ஃபீல்டு என்பவர், 1970இல் வெளிவந்த 'ஃபங்கி டிரம்மர்' என்னும் பாடலில் சில விநாடிகள் தனித்து வாசித்தார். அத்துண்டைப் பிற்காலத்தார் வெட்டியெடுத்து நூற்றுக்கணக்கான பாடல்களில் ஒட்டிக்கொண்டனர். வாசித்த கைகளுக்கோ அவற்றால் கிடைத்த ஊதியம் மிகச் சொற்பம். 2017இல் அவர் மறைந்தார்.

மற்றொருவர் கதை வேறு. ஷாரன் ஜோன்ஸ் என்னும் பாடகி நியூயார்க்கில் சிறைக் காவலராகவும் பணி செய்து பிழைத்தவர். பழைய முறையிலேயே கருவிகளை வாசித்த புரூக்ளின் குழு ஒன்று அவரை முன்னிறுத்தியது. 2002இல் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தபோது அவர் வயது நாற்பதைக் கடந்திருந்தது. அதன்பின் 2016இல் மறையும்வரை பல நாட்டு மேடைகளில் பாடினார். முன்னவர் ஒலி மட்டுமே பயணம் செய்தது. பின்னவரோ தாமே சென்றார்.

நாம் வாழும் திருவனந்தபுரமும் இவ்வுண்மையை அறியும். சுவாதித் திருநாள் மன்னர் 1846இல் மறைந்தார். அவர் கீர்த்தனங்களுட் பல காலப்போக்கில் வழக்கொழிந்தன. அவற்றைத் திரட்டிச் சுரப்படுத்தி, மாணவர்க்குக் கற்பித்து, கச்சேரிகளிலும் பாடிப் பரப்பியவர்களுள் முதன்மையானோர் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் ஆவர். 1939இல் இங்கு நிறுவப்பெற்ற இசைக் கல்லூரிக்கு முன்னவர் முதல் தலைவர். பின்னவர் அவரை அடுத்து வந்தவர். இருவரும் நம்மைப்போலவே தமிழகத்திலிருந்து வந்தவர்கள். ஏட்டில் உறங்கியவை இன்று நவராத்திரி மண்டபத்தில் ஆண்டுதோறும் ஒலிப்பது அவர்களைப் போன்றோரின் உழைப்பால் அன்றோ?

இனி நம் விழாக்களைப் பார்ப்போம். பதிவு செய்த பின்னிசையை ஒலிக்கவிட்டு, அதன்மேல் நம் குழந்தைகள் பாடுகின்றனர். செலவு குறைவுதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் நாகசுரமும் தவிலும் தபேலாவும் வாசிக்கத் தெரிந்தோர் நம் தெருக்களிலேயே அழைப்பின்றி இருக்கின்றனர். அவர்கள் கையோய்ந்தபின் நம் பிள்ளைகள் யாரிடம் கற்பர்?

ஆண்டு விழாவில் ஒரு மணி நேரமேனும் கருவியிசைக்கு ஒதுக்குவோம். வாசிப்போருக்குத் தகுந்த ஊதியமும் அளிப்போம். ஃபங்க் விரும்பும் இளைஞரையும் அம்மேடையிலேயே தவிலோடு அமரச் செய்வோம். சமத்தில் வந்து சேர்வதற்கு அவர்களுக்கு ஒருவர் பாடம் சொல்ல வேண்டியதில்லை.