நெருப்பு ஓடும் திசையைச் சொல்லிக்கொடுங்கள்

தமிழ்நாடு வனத்துறையின் முதன்மைத் தலைமை வனப் பாதுகாவலர் அவர்களுக்கு,



கொழுக்குமலையில் விடியலைப் பார்க்க வருவோர் பெரும்பாலும் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் ஏறிவிடுகிறார்கள். மலைமுகட்டில் நடக்க விரும்புவோரை இழுப்பது போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணிச் சரிவு. 2018 மார்ச் 11 அன்று அந்தச் சரிவில் மூண்ட காட்டுத்தீக்கு 20-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம்.

அனுமதி யாருக்கு இருந்தது என்ற பேச்சே அப்போது ஓங்கி ஒலித்தது. அதே ஆண்டில் மலையேற்ற விதிகள் வந்தன. 2024-இல் 40 பாதைகளுக்கு இணையவழிப் பதிவு வந்தது, உள்ளூர் வழிகாட்டிகளும் வந்தார்கள். மனமார வரவேற்கிறோம். ஆனால் அனுமதிச் சீட்டு தீயிலிருந்து யாரையும் காப்பாற்றாது.

தென்மேற்குப் பருவமழையைக் கேரளச் சரிவு வாங்கிக்கொள்கிறது. தேனிப் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய துணை. தை பிறந்தால் ஆளுயரப் புல் பழுக்கும், மாசியில் சருகாகிவிடும். மேட்டில் ஏறும் தீ, தனக்கு மேலிருக்கும் புல்லை முன்னதாகவே காய்ச்சிவிடுகிறது. சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தீயணைப்போர் கணக்கு. பகல் வெயிலில் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கியே வீசும். பதறியவர்கள் மேட்டுக்கு ஓடுவார்கள், இல்லையேல் ஓடைப் பள்ளத்தில் இறங்குவார்கள். அந்தப் பள்ளமோ புகைபோக்கிபோல் அனலை மேலே இழுக்கும். வெறும்பாறை, தேயிலைத் தோட்டம், ஏற்கெனவே எரிந்து கரிந்த நிலம் ஆகியவைதான் ஒதுங்க ஏற்ற இடங்கள்.

மலையடிவார மக்களுக்கு இது பாடமே அல்ல, பழக்கம். அன்று காயம்பட்டவர்களைத் தேடி முதலில் மேலேறியவர்களும் அவர்களே.

ஆகவே கேட்கிறோம். ஒதுங்கிடங்களைப் பாதை நெடுகப் பாறைகளில் வண்ணமிட்டுக் காட்டுங்கள். ஏறுமுன் கால்மணி நேரமாவது ஊர்க்காரர் ஒருவர் நெருப்பின் போக்கை விளக்கட்டும். தீத்தடுப்புக் கோடுகளை மார்கழி முடிவதற்குள் வெட்டி முடிக்க ஆளும் பணமும் ஒதுக்குங்கள். எல்லாவற்றையும்விட, “காற்று சரியில்லை, திரும்புவோம்” என்று வழிகாட்டி சொன்னால் அதுவே கடைசி வார்த்தையாகட்டும். அதற்காக அவர் எந்த அலுவலகத்தையும் கேட்க வேண்டியிராத அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள். அன்றைய கூலி அவருக்கும், கட்டிய பணம் வந்தவர்களுக்கும் குறையாமல் கிடைக்க ஆணையிடுங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு